தானாக வந்த முடியும் வராத முடியும்

ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு தமிழ்நாட்டில் முடி கொட்டுகிறது என்று மருத்துவரிடம் போனவர்கள் அரிது. காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் மருத்துவர் இருந்தார். முடியைக் கவனிக்க வீட்டில் பெரியவர்கள் இருந்தார்கள். கரிசலாங்கண்ணிச் சாறு, செம்பருத்தி, மருதாணி இலை, கறிவேப்பிலை எல்லாம் தேங்காயெண்ணெயில் சேர்ந்து, சடசடப்பு அடங்கும்வரை காய்ந்து, வடிகட்டிய பிறகு பாட்டிலில் ஏறும். நாட்டு மருந்துக் கடையில் நீலிபிருங்காதித் தைலம் கிடைத்தது. பொடுகுக்குப் பொடுதலைத் தைலம். வாரம் இரண்டு நாள் எண்ணெய்க் குளியல், ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும். எண்ணெயை எடுக்கச் சீயக்காய் அல்லது அரப்பு.

இந்தக் கவனிப்பு பெரும்பாலும் பெண்களின் கூந்தலுக்கானது. ஆண்களின் வழுக்கைக்கு மருந்து உண்டு என்று யாரும் உறுதியாக நம்பவில்லை. முப்பது வயதில் நெற்றி ஏறத் தொடங்கினால், தாய்மாமன் தலை வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்கள். கேலி இருந்தது, பள்ளிக்கூடத்திலும் கல்யாண வீட்டிலும் பட்டப்பெயர்கள் இருந்தன. ஆனால் அதற்காகக் கடன் வாங்கியவர் என்று ஊரில் ஒருவரைக் காட்ட முடியாது.

இன்று இருபத்திரண்டு வயது இளைஞன் சீப்பில் சிக்கிய முடியைப் பார்த்ததும் கைப்பேசியை எடுக்கிறான். நெற்றியையும் உச்சியையும் படமெடுத்து அனுப்பி, சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால், மாதாமாதம் ஒரு பெட்டி வீட்டுக்கு வருகிறது. அதில் மினாக்சிடில் இருக்கும், பயோட்டின் மாத்திரை இருக்கும், வெங்காய எண்ணெயும் ஷாம்புவும் இருக்கும். முடிமாற்று நிலையங்கள் சென்னை, கோவை என்று நிற்காமல் மாவட்டத் தலைநகரங்களின் பேருந்து நிலையச் சாலைவரை வந்துவிட்டன. தவணை முறையில் பணம் கட்டலாம் என்று பலகையிலேயே எழுதியிருக்கிறார்கள்.

இந்த இரண்டு காலங்களுக்கும் நடுவில் மருத்துவத்திலிருந்து நமக்கு வந்து சேர்ந்த பெரிய பாடம், முடி கொட்டுவது ஒரே நோயில்லை என்பது. சில வகைகளில் முடி தானாகவே திரும்பி வரும். சில வகைகளில் மருந்து கொடுத்தால் நிற்கும், ஓரளவு வரும். சில வகைகளில் வேர்ப்பை தழும்பாகிவிட்டால் பிறகு எதைக் கொடுத்தாலும் வராது. அன்றைய வீடுகளில் இந்தப் பிரிவினை இல்லை. எல்லா முடி உதிர்வுக்கும் ஒரே பாட்டில்தான். தானாக வரவிருந்த முடி வந்தபோது பெயர் அந்தப் பாட்டிலுக்குப் போனது. வராத முடி வராமலேயே இருந்தபோது பழி தலையெழுத்துக்குப் போனது. எண்ணெயின் புகழ் எப்படி வளர்ந்தது என்பதை இதைவிட எளிதாக விளக்க எனக்குத் தெரியவில்லை.

குழந்தை பெற்ற பெண்களின் முடியை எடுத்துக்கொள்வோம். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் சொல்வார்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடக் கூடாது. குழந்தை ஆளை அறிந்து சிரிப்பது ஏறக்குறைய இரண்டாம், மூன்றாம் மாதத்தில். பிரசவத்துக்குப் பின் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டத் தொடங்குவதும் இரண்டிலிருந்து நான்கு மாதங்களுக்குள்தான். அவர்கள் பார்த்தது சரி. அதற்குச் சொன்ன காரணம்தான் வேறு.

காரணம் முடியின் வாழ்க்கைச் சுற்றில் இருக்கிறது. தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள். அவற்றில் 85 முதல் 90 சதவீதம் வரை வளரும் பருவத்தில் இருக்கும். அந்தப் பருவம் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் நீளும். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் முடி வளரும். பிறகு இரண்டு மூன்று வாரங்களில் வேர் சுருங்கி, மூன்று மாதம் ஓய்வெடுத்து, முடி உதிரும். அதே வேர்ப்பையிலிருந்து அடுத்த முடி முளைக்கும். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இந்தச் சுற்றின் இயல்பான கணக்கு. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் மிகுந்திருப்பதால் உதிரவேண்டிய முடிகளும் உதிராமல் நிற்கின்றன. பிரசவம் முடிந்து அந்த அளவு இறங்கியதும் அவை எல்லாம் ஒரே நேரத்தில் ஓய்வுப் பருவத்துக்குப் போய், மூன்று மாதம் கழித்து ஒன்றாகக் கொட்டுகின்றன. வேர்ப்பைக்கு எந்தக் கேடும் இல்லை. பெரும்பாலோருக்குக் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் முடி பழைய நிலைக்கு வந்துவிடும்.

டைபாய்டு வந்து எழுந்தவர்களுக்கு முடி கொட்டுவதை அன்று எல்லோரும் அறிந்திருந்தார்கள். இன்று அந்த இடத்தில் டெங்கு இருக்கிறது. 2020-க்குப் பின் கொரோனா இருந்தது. பெரிய அறுவை சிகிச்சை, திடீரென உடல் எடையைக் குறைக்கும் பட்டினி, ஆழ்ந்த துக்கம் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். நடந்தது இன்றைக்கு, கொட்டுவது மூன்று மாதம் கழித்து. இடையில் மூன்று மாதம் இருப்பதால் காரணத்தை மறந்துவிட்டு, போன வாரம் மாற்றிய ஷாம்புவைக் குற்றம் சொல்கிறோம். இப்படிக் கொட்டுபவர்களுக்குத் தேவையானது பொறுமையும் சத்தான உணவும், இரத்தச்சோகையும் தைராய்டு கோளாறும் இல்லை என்று உறுதிசெய்யும் பரிசோதனையும்தான். ஆனால் பொறுமையை யாரும் பாட்டிலில் விற்பதில்லை என்பதால் அந்தக் காத்திருப்புக் காலத்தில் எது வாங்கப்படுகிறதோ அது பெயர் வாங்கிக்கொள்கிறது, அன்று கரிசலாங்கண்ணி எண்ணெய், இன்று சீரம்.

பெண்களைப் பொறுத்தவரை இன்றைய காலம் உண்மையிலேயே பெரிய நன்மையைக் கொண்டுவந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். அன்று ஒரு பெண்ணின் சடை மெலிந்தால் அவளுடைய சோம்பலையோ கண்ணேறையோ காரணம் சொன்னார்கள். வயிறாரச் சாப்பிட்டாளா, மாதவிலக்கில் எவ்வளவு இரத்தம் போகிறது என்று கேட்டவர்கள் குறைவு. இன்றும் நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தச்சோகை இருப்பதைத் தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடலில் இரும்புச் சேமிப்பு வற்றிப்போயிருக்கலாம். அதைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை இன்று சாதாரண ஆய்வகத்திலேயே கிடைக்கிறது. தைராய்டுக்கு டி.எஸ்.எச். பார்க்கலாம். மாதவிலக்கு தள்ளிப்போவதும் முகத்தில் முடி வளர்வதும் சேர்ந்திருந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையா என்று பார்க்க வேண்டும். முடி கொட்டுகிறது என்று வந்த பெண்ணுக்கு வேறொரு நோய் கண்டுபிடிக்கப்பட்டு அது குணமாவது இன்று அன்றாடம் நடக்கிற செய்தி.

இன்னொன்றும் உண்டு. பெண்களுக்கும் பரம்பரை வழுக்கை வரும் என்பதை அன்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பெண்களுக்கு முன்நெற்றிக் கோடு பெரும்பாலும் அப்படியே நிற்கும். உச்சியில் வகிடு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு அகலும். 1977-இல் லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை மூன்று படிநிலைகளாகப் பிரித்துக் காட்டினார். அன்று நம் ஊரில் வகிடு அகன்ற பெண்கள் சவுரி வைத்துப் பின்னிக்கொண்டும், பூவை நிறைய வைத்து மறைத்துக்கொண்டும் இருந்தார்கள். இறுக்கிப் பின்னிய சடை நெற்றியோர முடியை இழுத்து இழுத்தே வழுக்கையாக்கும் என்பதும் அன்று வீடுகளில் தெரியாத ஒன்று. அழகு என்று நினைத்துச் செய்த அந்த இறுக்கத்தால் நெற்றியோரம் முடியிழந்த பாட்டிமார் பலரை நான் பார்த்திருக்கிறேன். தொடக்கத்திலேயே தளர்த்திப் பின்னியிருந்தால் அந்த முடி திரும்பியிருக்கும். ஆண்டுக்கணக்கில் இழுபட்ட வேர்ப்பை திரும்புவதில்லை.

புழுவெட்டின் கதை இன்னும் கூர்மையானது. தலையிலோ தாடியிலோ காசளவு வட்டமாக முடி போய், அந்த இடம் வழவழவென்று இருக்கும். ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்று நம்பி, சின்ன வெங்காயத்தை வெட்டி அந்த இடம் சிவக்கும்வரை தேய்த்தார்கள். சில மாதங்களில் பூனைமுடிபோல வெள்ளையாக முளைத்து, பிறகு கறுக்கும். உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களே முடியின் வேரைத் தாக்குவதால் வருவது இது என்று இன்று தெரியும். ஒன்றிரண்டு சிறு வட்டங்களோடு நிற்பவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஓராண்டுக்குள் எதுவும் செய்யாமலேயே முடி திரும்பிவிடுகிறது. வெங்காயத்துக்குச் சாதகமாக 2002-இல் வெளிவந்த ஈராக்கிய ஆய்வு ஒன்றும் உண்டு. மிகச் சிறிய ஆய்வு. வெங்காயம் கொஞ்சம் உதவியிருக்கலாம் என்பதற்கு மேல் அதை வைத்துச் சொல்ல முடியாது.

வெங்காயத்தால் முடியாத இடம் ஒன்று இருந்தது. வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து தலை முழுவதும், புருவமும் இமையும்கூடப் போய்விட்ட பிள்ளைகளுக்கு அன்று வீடு, தலையில் துண்டு, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தை நிறுத்திக்கொண்டவர்கள் உண்டு. இன்று சிறு வட்டத்துக்கு மருத்துவர் ஸ்டீராய்டு ஊசியை அந்த இடத்திலேயே போடுகிறார். தலையில் பாதிக்கு மேல் போன பெரியவர்களுக்கு 2022 ஜூனில் அமெரிக்க மருந்து நிர்வாகம் பேரிசிட்டினிப் என்ற மாத்திரையை அனுமதித்தது; 12 வயது நிரம்பியவர்களுக்கு ரிட்லெசிட்டினிப் 2023-இல் வந்தது. பேரிசிட்டினிப் சோதனைகளில் அதிக அளவு மருந்து எடுத்தவர்களில் மூன்றில் ஒருவருக்குச் சற்று மேல் 36 வாரத்தில் தலையின் 80 சதவீதத்தை முடி மூடியது. மற்றவர்களுக்கு அந்த அளவு வரவில்லை. நிறுத்தினால் மீண்டும் கொட்டலாம், தொற்று வரும் ஆபத்து கூடும், விலையும் அதிகம். எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும், துண்டைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் இருந்த அந்தப் பிள்ளைகளை நினைக்கும்போது, இந்த மருந்துகள் வந்த ஆண்டுகளை நல்ல ஆண்டுகள் என்றே சொல்வேன்.

ஆண்களின் வழுக்கைக்கு வருவோம். விடலைப் பருவத்துக்கு முன் விதைநீக்கம் செய்யப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதைக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் காலத்திலேயே கவனித்திருந்தார்கள். அதை ஆய்வாகச் செய்தவர் அமெரிக்க உடற்கூறு அறிஞர் ஜேம்ஸ் ஹாமில்டன். 1942-இல் வெளியான அவருடைய கட்டுரை, அத்தகையவர்களுக்கு ஆண் ஹார்மோனைக் கொடுத்தபோது குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு முடி கொட்டத் தொடங்கியதைப் பதிவுசெய்தது. ஆக, ஹார்மோனும் வேண்டும், பரம்பரையும் வேண்டும். அவர் வகுத்த படிநிலைகளை 1975-இல் நார்வுட் திருத்தினார். இன்றும் மருத்துவர்கள் ஏழு படிகளாக வழுக்கையைக் குறிப்பது அந்த அளவுகோலில்தான்.

எந்த ஹார்மோன் என்பது கரீபியத் தீவு ஊர் ஒன்றிலிருந்து தெரிந்தது. டொமினிக்கன் குடியரசின் சலினாஸ் கிராமத்தில் பெண் குழந்தைகளாக வளர்க்கப்பட்ட சிலர் பருவ வயதில் ஆண்களாக மாறினார்கள். அவர்களை ஆராய்ந்த ஜூலியான் இம்பரேட்டோ-மெக்கின்லி 1974-இல் காரணத்தை வெளியிட்டார்: டெஸ்டோஸ்டிரோனை டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றும் நொதி அவர்களிடம் குறைவு. வளர்ந்த பிறகு அவர்களுக்குப் பிராஸ்டேட் சுரப்பி சிறிதாகவே இருந்தது, நெற்றி ஏறவில்லை. அந்த நொதியைத் தடுக்கும் மருந்தாக ஃபினாஸ்டரைட் உருவானது. 1992-இல் 5 மில்லிகிராம் மாத்திரையாகப் பிராஸ்டேட் வீக்கத்துக்கும், 1997-இல் 1 மில்லிகிராம் மாத்திரையாக வழுக்கைக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

தாய்மாமனைக் குறை சொன்ன நம் பெரியவர்கள் இங்கேயும் பாதி சரியாகத்தான் இருந்தார்கள். ஆண் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு அது தாயிடமிருந்தே வருகிறது. ஆனால் வழுக்கையோடு தொடர்புடைய மரபணு இடங்கள் நூற்றுக்கணக்கில் கண்டறியப்பட்டுள்ளன, தந்தை வழியிலும் வருகின்றன. இந்த ஹார்மோனுக்கு இணங்கும் வேர்ப்பைகள் நெற்றியோரத்திலும் உச்சியிலும் மட்டுமே இருக்கின்றன. மகசூலுக்கு மகசூல் கதிர் சிறுத்துப்போகும் வயலைப்போல, சுற்றுக்குச் சுற்று வளரும் பருவம் குறுகி, முடி மெலிந்து, கடைசியில் பூனைமுடியாகிறது. பின்தலைக்கும் காதோரத்துக்கும் இந்தப் பாதிப்பு இல்லை.

இதை அறிந்தால் நாம் வழக்கமாகக் குற்றம் சுமத்தும் பலவற்றை விட்டுவிடலாம். ஹெல்மெட் வழுக்கை தருவதில்லை. உப்புத்தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கலாம், நுனியை உடைக்கலாம், வேரைத் தொடாது. ஊரை விட்டு விடுதிக்குப் போகும் வயதும் பரம்பரை வழுக்கை தொடங்கும் வயதும் ஒன்றாக இருப்பதால் சென்னைத் தண்ணீருக்கும் பெங்களூரு தண்ணீருக்கும் கெட்ட பெயர்.

மினாக்சிடில் வந்த வழி வேறு. அது 1979-இல் கடுமையான இரத்த அழுத்தத்துக்கு வந்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு முகத்திலும் கையிலும் முடி அடர்ந்து வளர்வதைப் பார்த்து, தலையில் தடவும் 2 சதவீதத் திரவமாக்கினார்கள். 1988-இல் அனுமதி வந்தது. பத்தாண்டுகளுக்குள் 5 சதவீதமும் வந்துவிட்டது. இன்று மிகக் குறைந்த அளவில் மாத்திரையாகவே கொடுக்கும் மருத்துவர்களும் பெருகியிருக்கிறார்கள். இரத்த அழுத்த மருந்து என்பதால் அதை மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே எடுக்க வேண்டும்.

இவை இரண்டும்தான் ஆண்களின் வழுக்கைக்கு உறுதியான சான்றோடு பரவலாகக் கொடுக்கப்படும் மருந்துகள். அரை நூற்றாண்டில் கிடைத்தது இவ்வளவே என்று சொல்லலாம். இவ்வளவு கிடைத்ததே என்றும் சொல்லலாம். ஃபினாஸ்டரைட் சோதனையில் இரண்டாண்டு முடிவில், மாத்திரை எடுத்தவர்களில் 83 சதவீதம் பேருக்கு உச்சி முடியின் எண்ணிக்கை குறையவில்லை. போலி மாத்திரை எடுத்தவர்களில் 28 சதவீதம் பேருக்கே அப்படி நின்றது. இருப்பதைக் காப்பாற்றுவதில்தான் இந்த மருந்தின் பலம். பளபளவென்று வழுக்கையான இடத்தில் காடு வளர்க்க அதனால் ஆகாது. ஆகவே எப்போது தொடங்குகிறோம் என்பது முக்கியம். மினாக்சிடில் தடவத் தொடங்கிய முதல் சில வாரங்களில் முடி கூடுதலாகவே கொட்டலாம். பழைய முடியைத் தள்ளிப் புதியது வருவதன் அறிகுறி அது. அதைப் பார்த்துப் பயந்து நிறுத்தியவர்கள் ஏராளம். நான்கு முதல் ஆறு மாதம் கழித்துத்தான் பலனைக் கணிக்க முடியும். எதை நிறுத்தினாலும், அதனால் நின்ற முடி ஓராண்டுக்குள் போய்விடும்.

பாதகங்களையும் அதே தெளிவோடு சொல்ல வேண்டும். ஃபினாஸ்டரைட் சோதனையின் முதலாண்டில் பாலுறவு தொடர்பான குறைகள் 3.8 சதவீதம் பேருக்கு வந்தன, போலி மாத்திரையில் 2.1 சதவீதம் பேருக்கு. பெரும்பாலும் நிறுத்தினால் சரியாகிறது; நிறுத்திய பின்னும் நீடிப்பதாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். தற்கொலை எண்ணம் இம்மருந்தின் பக்கவிளைவுகளில் ஒன்று என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025-இல் உறுதிசெய்தது. மனச்சோர்வு உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைக் கையால்கூடத் தொடக் கூடாது. வயிற்றில் இருக்கும் ஆண் குழந்தையின் உறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். கைப்பேசியில் நாலு கேள்வி கேட்டு அனுப்பப்படும் பெட்டியில் இந்த எச்சரிக்கைகளுக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பதே என் கவலை.

முடிமாற்று சிகிச்சையில் மாற்றம் கண்ணுக்கே தெரியும். 1939-இல் ஜப்பானிய மருத்துவர் ஒகுடா தீக்காயத் தழும்புகளில் முடியுள்ள தோலைச் சிறு வட்டங்களாக நட்டார். போரின் நடுவே அது வெளியுலகுக்கு எட்டவில்லை. நியூயார்க்கின் நார்மன் ஆரன்ட்ரைக் 1952-இல் வழுக்கைக்கு அதைச் செய்தார். பின்தலை முடியை முன்னால் நட்டாலும் அது பின்தலையின் குணத்தோடே வளரும் என்று 1959-இல் எழுதினார். அதுவே இன்றுவரை அடிப்படை. அன்று 4 மில்லிமீட்டர் அகலக் கொத்துகளாக நட்டதால் தலை பொம்மையின் தலைபோல வரிசை வரிசையாகத் தெரிந்தது. இன்று ஒன்று முதல் நான்கு முடி உள்ள வேர்த்தொகுதிகளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த ஊசிக்குழலால் ஒவ்வொன்றாக எடுத்து நடுகிறார்கள். திறமையாகச் செய்தால் நட்டது என்றே தெரியாது.

ஆனால் பின்தலையின் இருப்பு வரம்புள்ளது. இருபத்திரண்டு வயதில் முன்நெற்றியை நிரப்பிக்கொண்டவருக்கு, நட்ட முடி நிற்க, அதன் பின்னால் இருக்கும் சொந்த முடி தொடர்ந்து கொட்டிக்கொண்டே போகும். அதை நிறுத்த மருந்து எடுத்தாக வேண்டும். இதைச் சொல்லாமல் செய்யும் நிலையத்தில் தலையைக் கொடுக்கக் கூடாது. 2016-இல் சென்னையில் இந்தச் சிகிச்சை செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தார். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம், முறையான அறுவைப் பயிற்சி பெற்ற பதிவு மருத்துவரே இதைச் செய்ய வேண்டும் என்றும், பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றது பயிற்சியாகாது என்றும் எழுதியது. அப்படி எழுதவேண்டிய நிலை வந்ததே வருத்தம்.

சட்டம் வேறொன்றையும் சொல்கிறது. 1945-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் விதிகளில், குணப்படுத்துவதாக எந்த மருந்தும் கூறிக்கொள்ளக் கூடாத நோய்களின் அட்டவணை இருக்கிறது. அதில் வழுக்கையும் உண்டு. பழைய வாரப் பத்திரிகைகளின் கடைசிப் பக்கத்தில் கூந்தல் தைலம் விற்றவர்கள் முழங்கால்வரை முடி படம் போட்டார்கள். இன்றைய விளம்பரம், முடி உதிர்வைக் குறைக்கும் என்று பெரிதாக எழுதி, முடி உடைவதால் வரும் உதிர்வை மட்டுமே சொல்வதாகப் பொடி எழுத்தில் சேர்த்துக்கொள்கிறது. பயோட்டின் மாத்திரையும் அப்படியே. பயோட்டின் குறைபாடு மிக அரிது. குறைபாடில்லாதவருக்கு அதனால் முடி வளர்வதற்குச் சான்று இல்லை. மாறாக, அதை அதிக அளவில் சாப்பிட்டால் தைராய்டு பரிசோதனையின் முடிவே தவறாக வரலாம். சொந்த இரத்தத்தைச் சுழற்றிப் பிரித்துத் தலையில் ஊசியாகப் போடும் பி.ஆர்.பி. சிகிச்சை சிலருக்கு உதவுகிறது. ஆனால் நிலையத்துக்கு நிலையம் செய்முறை மாறுகிறது, முடிவும் மாறுகிறது.

இழந்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேங்காயெண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவிப் புரதம் கரைந்துபோவதைக் குறைக்கிறது என்று 2003-இல் வந்த ஆய்வு காட்டியது. புது முடியை அது தராது; இருக்கிற முடியைக் காக்கும். பொடுகுள்ள தலையில் மட்டும் எண்ணெயை ஊறவிடக் கூடாது. பொடுகோடு சேர்ந்த பூஞ்சைக்கு அது உணவாகிறது. வாரம் இருமுறை ஒருவர் தலையை மற்றவர் மடியில் வைத்துத் தேய்த்த அந்த நேரத்தில் வட்டமாக முடி போன இடமும் அகன்ற வகிடும் ஈரும் பேனும் யாரோ ஒருவர் கண்ணில் பட்டன. இன்று தன் உச்சந்தலையை அவரவர் கைப்பேசியில்தான் பார்த்துக்கொள்கிறோம். முருங்கைக்கீரையும் எள்ளும் கேழ்வரகும் வாரத்தில் சில நாளாவது தட்டில் இருந்ததும் பழைய கணக்கில் வரவாகவே சேர வேண்டும்.

எல்லாவற்றையும்விட, வழுக்கையை வயதோடும் குடும்பத்தோடும் சேர்த்து ஏற்றுக்கொண்ட அமைதி போய்விட்டது. அன்று பெண் பார்க்க வந்தவரின் வேலையையும் குணத்தையும் விசாரித்த பிறகு தலையைப் பார்த்தார்கள். இன்று திருமணத் தகவல் செயலியில் முதலில் வருவது படம். தலை தாண்டித்தான் மற்றதெல்லாம். திரையில் அடர்ந்த முடியோடு தோன்றும் ரஜினிகாந்த் பொது மேடைகளுக்குத் தன் வழுக்கைத் தலையோடே வருகிறார். பல பத்தாண்டுகளாக அதைப் பார்த்து வளர்ந்த ஊரில் இந்தப் பதற்றம் இவ்வளவு பெருகியிருக்க வேண்டாம். மருந்து வேண்டாம் என்று தெரிந்தே முடிவெடுப்பதும் ஒரு தேர்வுதான். உடல்நலத்துக்கு அதனால் எந்தக் கேடும் இல்லை. எடுத்துக்கொள்வதானால் சீக்கிரம் தொடங்கி, விடாமல் எடுக்க வேண்டும். நடுவில் நின்று நான்கைந்து பொருளை மாறி மாறி வாங்குவதில்தான் காசும் காலமும் போகின்றன.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. வெளிநோயாளிக்குக் கட்டணம் இல்லை. மகளின் வகிடு அகன்றுவருகிறது என்றாலும், மகனின் தலையில் காசளவு வட்டம் தெரிகிறது என்றாலும், தலையில் அரிப்போடும் எரிச்சலோடும் முடி போய் அந்த இடம் தழும்புபோல இறுகுகிறது என்றாலும், எண்ணெயோ பெட்டியோ வாங்குவதற்கு முன் அங்கே அழைத்துப் போங்கள். கடைசியில் சொன்ன வகைக்கு ஒவ்வொரு மாதமும் முக்கியம்.